புள்ளி இல்லாத எழுத்துக்குப் புள்ளி போடுதல்

மை தடவிய ஏட்டை முதலில் கையில் எடுக்காதீர்கள். பழங்கலைப் போட்டியில், பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதும் ஏட்டெழுத்துப் பிரிவுக்கு நடுவராக உட்காரப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். போட்டியாளர் ஒவ்வொருவரிடமும் மை தடவாத ஓர் ஓலையையும் கேட்டு வாங்குங்கள். மையின் கரி ஏறிய எழுத்து கண்ணுக்கு அழகாகத் தெரியும். கை எங்கே தயங்கியது, எழுத்தாணி எந்தக் கோட்டில் இரண்டாம் முறை ஓடியது, நார் எங்கே பிய்ந்தது என்பதையெல்லாம் அந்தக் கரி மூடிவிடும். வெறும் ஓலையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் அத்தனையும் வெளியே வந்துவிடும்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் பீடோங் பக்கம் இப்படி ஒரு போட்டி என்றால் இடம் கோயில் மண்டபம், இல்லாவிட்டால் தமிழ்ப்பள்ளி மண்டபம். இரண்டிலும் குழல்விளக்கு நேர் மேலே இருக்கும், விசிறி சுழன்றுகொண்டிருக்கும். நேர் மேலிருந்து விழும் வெளிச்சம் கீறலின் ஆழத்தைக் காட்டாது. மேசையின் ஓரத்தில், ஓலைக்குச் சற்றே உயரத்தில், பக்கவாட்டாக ஒரு டார்ச்லைட்டை வையுங்கள். கீறலின் ஒரு கரை ஒளிரும், மறு கரை நிழலாகும். அந்த நிழல் ஒரே அகலத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். விசிறியை அந்த மேசைக்காவது நிறுத்தச் சொல்லுங்கள். நேரில் எழுதிக் காட்டும் சுற்றில் ஓலை காற்றில் ஆடி எழுத்து கோணினால், அந்தக் குற்றத்தை எழுதுபவர் தலையில் போட முடியாது.

ஆழம் என்ன என்பதை ரப்பர் மரத்தில் பால்வெட்டு தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. கத்தி பட்டைக்குள் இறங்க வேண்டும், மரத்தைத் தொடக்கூடாது. மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். ஆழம் மிஞ்சினால் மரத்தில் காயம்பட்டு, அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் திரும்ப வளரும். ஓலையிலும் அதே கணக்கு. மேல்தோலை மட்டும் கீறினால் கரி உள்ளே தங்காது, துடைக்கும்போது எழுத்தும் சேர்ந்து போய்விடும். அழுத்தி எழுதினால் நார் அறுந்து, எழுத்து மறுபக்கம் முட்டிக்கொண்டு தெரியும். ஏட்டின் இரு பக்கமும் எழுதுவதே மரபு. அதனால் திருப்பிப் பார்த்து, கட்டைவிரலால் ஒரு முறை தடவுங்கள். மேடு தட்டுப்பட்டால் அந்த ஓலையின் மறுபக்கம் வீணாகிவிட்டது என்று பொருள். நான் இதற்குத் தாராளமாகவே புள்ளி குறைப்பேன். நூறு ஓலைச் சுவடி ஒன்றைப் படியெடுக்கும் எழுத்தாளன் அப்படி எழுதியிருந்தால் இருநூறு ஓலை தேவைப்பட்டிருக்கும்.

அடுத்து, நாரின் போக்கு. பனை ஓலையில் நார் நீளவாக்கில் ஓடுகிறது, எழுத்து வரியும் நீளவாக்கில்தான் ஓடுகிறது. ஆகவே செங்குத்துக் கோடு நாரைக் குறுக்கே வெட்டுகிறது, படுக்கைக் கோடு நாரோடு சேர்ந்து ஓடுகிறது. ஆபத்து படுக்கைக் கோட்டில். ட, ப, ம போன்ற எழுத்துகளின் அடிக்கோடு ஒரு நரம்பின் மேல் சரியாக விழுந்தால், எழுதிய அன்று ஒன்றும் தெரியாது. ஓலை காய்ந்ததும் அந்த இடத்தில் வெடிப்பு கிளம்பி அடுத்த எழுத்துவரை போகும். கைதேர்ந்தவர் அடிக்கோட்டை மயிரிழை அளவு வளைத்துப் போடுவார், அல்லது குறுக்கிவிடுவார். அதைக் கோணல் என்று நினைத்துப் புள்ளியைக் குறைக்கும் நடுவர்கள் உண்டு. அது கோணல் அன்று, ஓலையை அறிந்த கையின் அடையாளம். அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருக்கும் அடிக்கோடுகளைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

எழுத்தாணியையும் வாங்கிப் பாருங்கள். தலை கனத்த குண்டெழுத்தாணி, ஓலையை வாரிச் சீராக்கும் கத்திமுனை கொண்ட வாரெழுத்தாணி, மடித்து வைத்துக்கொள்ளும் மடக்கெழுத்தாணி என்று பழைய வகைகள் உண்டு. எதுவாக இருந்தாலும் இரும்பு முனை கூர்மையாகவும், அந்தக் கூர்மையின் நுனி ஓரளவு மழுங்கியும் இருக்க வேண்டும். தையல் ஊசியைக் குச்சியில் கட்டிக்கொண்டு வருபவர்களின் கீறல், மெல்லிய முடிபோல இருக்கும். கரைகள் பிசிறடித்து நிற்கும். மை தீர்ந்த பேனாவால் எழுதுபவர்களின் கீறல் நேர்மாறு. பேனா ஓலையை வெட்டாமல் அமுக்குகிறது. அமுங்கிய பள்ளம் அகலமாக, வழவழப்பாக இருப்பதால் கரி பிடிப்பதில்லை. ஒரு வாரம் கழித்து ஈரக்காற்று பட்டதும் அந்தப் பள்ளம் பாதி எழும்பி, எழுத்து மங்கிவிடும். டார்ச்லைட்டில் பார்த்தால் பேனா எழுத்தின் நிழல் மென்மையாக இருக்கும், ஆணி எழுத்தின் நிழலில் ஒரு கூர்விளிம்பு இருக்கும். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிறகு கண் தவறாது.

நேரில் எழுதிக் காட்டும் சுற்று வைத்தால் வலக்கையைப் பார்க்காதீர்கள், இடக்கையைப் பாருங்கள். ஏட்டெழுத்தில் அசைவது ஓலைதான். வலக்கை ஆணியைப் பிடித்து ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். இடக்கை ஓலையைத் தாங்கி, அதன் கட்டைவிரல் ஆணியின் அடியில் அணைகொடுத்து, எழுத்து எழுத்தாக ஓலையை நகர்த்தும். அந்தக் காலத்து எழுத்தாளர்கள் இடக்கைக் கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு பள்ளம் வெட்டி, ஆணி வழுக்காமல் அதில் தாங்கியதுண்டு. போட்டியில் நகம் வளர்க்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓலையை மேசைமேல் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதுபோல் கையை இழுத்து எழுதினால் எழுத்தின் இயல்பே மாறிவிடும். வரி முழுவதும் வலப்பக்கம் சாயும், வட்டங்கள் முட்டை வடிவாகும், வரியின் கடைசியில் எழுத்து நெருங்கும். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு படைப்பில் தெரிந்தால், எழுதியதை நீங்கள் பார்க்காவிட்டாலும் ஓலை மேசையில்தான் கிடந்தது என்று சொல்லிவிடலாம்.

ஓலையைப் பற்றி. கொழுந்தும் வேண்டாம், முற்றலும் வேண்டாம், இடைப்பட்ட பருவத்து ஓலை வேண்டும். ஈர்க்கை நீக்கி, நிழலில் உலர்த்தி, தண்ணீரில் வேகவைத்து, மறுபடி நிழலில் உலர்த்தி, பாரம் வைத்துத் தட்டையாக்கி, சங்காலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்து, கடைசியில் ஒரே அளவாக நறுக்க வேண்டும். வேகவைக்கும் நீரில் மஞ்சள் சேர்ப்பவர்கள் உண்டு, பூச்சி அண்டாமல் இருக்க. வேகாத ஓலை பார்த்தவுடன் தெரியும்: பச்சை வாடை போயிருக்காது, நடுவில் குழிந்து படகுபோல் நிற்கும். தேய்க்காத ஓலையை மை காட்டிக்கொடுக்கும். எழுத்தைத் தவிர மற்ற இடத்திலும் கரி சிக்கி, ஏடு முழுக்க மழைச்சாரல் அடித்ததுபோல் இருக்கும். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) காடு இருக்கும்போது செம்பனை ஓலையில் எழுதினால் என்ன என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். ஈர்க்கை எடுத்தால் மிஞ்சுவது குறுகிய கீற்று, அது காயக் காய முறுக்கிக்கொள்ளும். பழகுவதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். போட்டிக்குப் பனை ஓலை, அல்லது கிடைத்தால் தாளிப்பனை ஓலை. தாளிப்பனை அகலமும் மென்மையும் கூடியது, நரம்பு அவ்வளவாக எழும்பாது. பனை ஓலை தடிப்பும் உறுதியும் கூடியது. தாளிப்பனையில் எழுதியவருக்குக் கீறல் எளிதாக ஓடியிருக்கும் என்பதை நினைவில் வைத்துப் புள்ளி போடுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மழை நாளில் ஓலை நீரை உறிஞ்சி இளகும். அப்போது கீறினால் கரை புடைக்கும். குளிர்சாதன அறையில் இருந்து நேராகக் கொண்டுவந்த ஓலை விறைத்துப்போய், முதல் படுக்கைக் கோட்டிலேயே வெடிக்கும். நேரடிச் சுற்று உண்டென்றால் எல்லாருடைய ஓலையையும் காலையிலேயே மண்டபத்துக்குக் கொண்டுவந்து, எழுதும் நேரம்வரை அங்கேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் எல்லாரும் ஒரே நிலையில் எழுதுவார்கள்.

இனி, அதிகம் சண்டை நடக்கும் இடம்: எழுத்து வடிவமும் காலமும்.

பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்கிறது, ஆனால் ஏட்டில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதைப் போடவில்லை. ஆணியால் புள்ளி குத்தினால் ஓலையில் துளை விழும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. இன்று நாம் எழுதும் இரட்டைச் சுழிக் கொம்பு (ே), 1710இல் இந்தியாவுக்கு வந்து 1747இல் மறைந்த வீரமாமுனிவர் வழியாக வந்தது. காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, நிறுத்தக்குறி இல்லை, செய்யுளாக இருந்தாலும் அடி பிரிக்காமல் ஓடும். ஆகவே ‘போர்’ என்ற சொல் ஏட்டில் ‘பெரர’ என்று நிற்கும். ‘கேள்’ என்பது ‘கெள’. ‘கொள்’, ‘கோள்’ இரண்டும் ‘கெரள’. படிப்பவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்துவிட்டு வருபவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம் னை, லை, ணை, ளை, றா, னா, ணா. தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகான வடிவங்களைத்தான் நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்த இளையவர்களுக்குத் தெரியும். லையைத் துதிக்கைபோல மேலே வளைத்து எழுதும் பழைய வடிவத்தைத் தாத்தா பாட்டி காலத்துப் புத்தகங்களில் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஏடு என்று படைப்போடு தரும் விளக்கக் குறிப்பில் எழுதிவிட்டு, ஏட்டில் இன்றைய லையைப் போட்டிருந்தால் அந்த எழுத்து வரும் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகக் குறைக்க வேண்டாம், ஒருமுறை குறைத்தால் போதும். அது ஒரே அறியாமை. ஆனால் பாதி இடத்தில் பழைய லை, பாதி இடத்தில் புதிய லை என்றால் அது கவனக்குறைவு. அதற்குக் கூடுதலாகக் குறைப்பேன்.

எண்களில் இன்னும் மோசம். ஏட்டின் இடது ஓரத்தில் ஓலை எண் போடுவார்கள். பழைய முறையில் பத்துக்குத் தனிக்குறி ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. பதினைந்து என்றால் ௰௫, இருபது என்றால் ௨௰, நூற்றுப் பத்து என்றால் ௱௰. ௧௫ என்று எழுதியிருந்தால் அது இன்றைய எண் முறைக்குத் தமிழ்ச் சட்டை மாட்டியது. நடுவர்கள் இதைத் தவறவிடுவதற்குக் காரணம், எண்ணை யாரும் படிப்பதில்லை. முதல் ஓலையை மட்டும் பார்க்காமல் பதினொன்றாவது ஓலையை எடுத்துப் பாருங்கள். அங்கே தெரிந்துவிடும்.

கெடாவில் நடக்கும் போட்டி என்பதால், கெடாவின் பழம்பெயரான கடாரம் பற்றிய பாடத்தை எடுப்பவர்கள் நிறைய இருப்பார்கள். பழங்காலச் சின்னங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு பக்கத்தில் இருக்கும்போது அந்த ஆசை நியாயமானதுதான், அதை நான் மிகவும் விரும்புகிறேன். ஆனால் மூலத்தைச் சரிபார்க்க வேண்டும். ‘திருமகள் போல’ என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் பகுதி, இராசராசனுடையது. 1025இல் நடந்த கடாரப் படையெடுப்பைச் சொல்வது அவன் மகன் இராசேந்திரனின் ‘திருமன்னி வளர’ மெய்க்கீர்த்தி. இரண்டையும் குழப்பி எழுதிய படைப்புக்கு விளக்கக் குறிப்பில் புள்ளி கிடைக்காது. லெய்டன் பெரிய செப்பேடு என்று பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேட்டை எடுத்தால் இன்னும் நல்லது. கடாரத்து அரசன் சிறீமாற விசயோத்துங்கவர்மன் தொடர்புடைய நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடுக்கப்பட்டதை அது சொல்கிறது. மொத்தம் 21 ஏடு. வடமொழிப் பகுதி 5, தமிழ்ப் பகுதி 16. நம் ஊரும் தமிழும் ஒரே செம்பில் சேர்ந்து நிற்கும் பாடம் அது.

இங்கே நடுவர் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. சோழர் காலத்து எழுத்தை நாம் கல்லிலும் செம்பிலும்தான் பார்க்கிறோம். இன்று கையில் இருக்கும் தமிழ்ச் சுவடிகளில் பெரும்பாலானவை கடந்த சில நூற்றாண்டுகளில் படியெடுத்தவை. ஓலை செல்லரித்துப்போகும், மீண்டும் மீண்டும் எழுதித்தான் காப்பாற்றினார்கள். ஆகவே பதினொன்றாம் நூற்றாண்டு எழுத்தைப் பனை ஓலையில் எழுதுபவர், உளி வெட்டிய வடிவத்தை ஆணிக்கு ஏற்ப மாற்றித்தான் எழுத முடியும். எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று குறிப்பில் இரண்டு வரி எழுதியிருந்தால் முழுப் புள்ளி கொடுங்கள். ஒன்றும் சொல்லாமல் ‘இதுதான் சோழர் ஏடு’ என்று வைத்தால் குறையுங்கள். தஞ்சாவூர்க் கல்வெட்டுப் பாடத்தை வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வகையில் எழுதிக் கொண்டுவருவதும் உண்டு, பார்க்கப் பழமையாக இருக்கிறது என்பதற்காக. வட்டெழுத்து பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் வழங்கியது. சோழர் தம் நாட்டில் எழுதியது தமிழெழுத்தில், வடசொல் வரும் இடத்தில் வடமொழிக்கான கிரந்த எழுத்து. தொடக்கமும் அப்படித்தான்: கல்வெட்டுப் பாடம் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று தொடங்கும், பிற்காலச் சுவடி பிள்ளையார் சுழியோடு தொடங்கும்.

மை விஷயத்தில் நீண்ட பேச்சு வேண்டாம். விளக்குக் கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்து, துணியால் ஏடு முழுக்கத் தேய்த்து, தவிட்டால் துடைத்தால் கீறலில் மட்டும் கரி தங்கும். எண்ணெய் மிஞ்சினால் கரி நார் வழியே கசிந்து எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும். அது ஒன்றைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். கடையில் வாங்கிய கறுப்பு மையை ஊற்றியிருந்தால் எழுத்து பளபளக்கும், விரலை ஈரமாக்கித் தொட்டால் ஒட்டும்.

கட்டமைப்பில், ஓலைகளைக் கோக்கும் கண் துளையைக் கவனியுங்கள். துளையைச் சுற்றி எழுத்தில்லாத வெற்றிடம் விட்டிருக்க வேண்டும். எழுதி முடித்தபின் துளைத்தால் எழுத்தின் நடுவே ஆணி இறங்கும். அதை மறைக்க முடியாது. காய்ச்சிய கம்பியால் துளைத்தால் விளிம்பு கருகி இறுகி நிற்கும், காகிதத் துளைப்பான் வைத்துக் குத்தினால் சில நாளில் விளிம்பிலிருந்து நார் பிளக்கும். இரண்டு துளை என்றால் ஒன்றில் கயிறு, மற்றதில் நாராசம் என்ற கம்பி. மேலும் கீழும் ஓலையின் அளவுக்கே மரச்சட்டம். சட்டம் ஓலையைவிடச் சிறியதாக இருந்தால் ஓலையின் ஓரம் முதலில் நொறுங்கும்.

பிழை திருத்தத்தைத் தண்டிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஓலையில் அழிப்பான் கிடையாது. விட்டுப்போன எழுத்தை வரிக்கு இடையில் சிறிதாக எழுதி, இடத்தைக் காகபாதம் என்ற காக்கைக்கால் வடிவக் குறியால் காட்டுவது இந்தியச் சுவடி மரபில் உள்ளதே. பிளேடால் சுரண்டிவிட்டு அதன்மேல் எழுதுவதுதான் குற்றம். சுரண்டிய இடம் மெலிந்து, கரியை உறிஞ்சி, கறையாக நிற்கும்.

நான் நூற்றுக்கு இப்படிப் பிரிக்கிறேன்: கீறலுக்கு 30, எழுத்து வடிவமும் காலமும் பொருந்துவதற்கு 25, ஓலைக்கு 15, அமைப்புக்கும் மைக்கும் விளக்கக் குறிப்புக்கும் தலா 10. கடையில் ஆயத்த ஓலை வாங்கியவர் அந்த 15இல் பாதிக்குமேல் பெற முடியாது, ஆனால் அதை முன்கூட்டியே விதியில் எழுதிவிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பிரிவில் ஓலையைக் கொடுத்துவிட்டு, அந்த 15ஐக் கீறலோடு சேர்த்துவிடுங்கள். குறிப்போடு இன்றைய எழுத்தில் ஒரு படியும் கட்டாயம் கேளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியவரையே ஏட்டிலிருந்து இரண்டு வரி வாய்விட்டுப் படிக்கச் சொன்னால், கணினி எழுத்துருவை அச்சடித்து அதன்மேல் ஒற்றி எடுத்தவர் மூன்றாவது சொல்லில் நின்றுவிடுவார். ஒற்றி எடுத்ததற்கு வேறொரு அடையாளமும் உண்டு: ஒரு ஓலையில் வரும் எல்லாக் ககரமும் ஒன்றுபோலவே இருக்கும்.

குறையைச் சொல்லும்போது ஓலையைக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். “தம்பி, இதைத் திருப்பித் தடவிப் பாருங்கள்” என்றால் அவருக்கே புரிந்துவிடும், பத்து நிமிட விளக்கம் தேவைப்படாது. புள்ளித்தாளில் வெறும் எண்ணை எழுதாமல், எந்த ஓலை, எத்தனையாவது வரி என்று குறித்துவிடுங்கள்.

ஏடுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது எண் வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பருத்தி நூலால் தளர்வாகக் கட்டிக் கொடுங்கள். ரப்பர் வளையம் மாட்டினால் நம் ஊர் வெக்கையில் உருகி ஓலையில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மேல்தோலும் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். பிளாஸ்டிக் பையும் வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட வைத்து, செராய் வாங்கி என்னும் வாசனைப்புல்லின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு லேசாகத் தடவி வைத்தால் பூச்சி வராது.